கட்டும் அறிவும்

அரபு மொழியில் அறிவுக்கு ‘அக்ல்’ என்று பெயர். இச்சொல்லின் வேரைத் தேடிச் செல்வோர் ‘இகால்’ என்னும் மற்றொரு சொல்லிடம் வந்து நிற்பர். ஒட்டகத்தைப் படுக்க வைத்து, அதன் முன்னங்காலை மடக்கிப் பிணைக்கும் கயிறே இகால். மனிதன் தீங்கின் பக்கம் ஓடிவிடாமல் பிடித்து நிறுத்துவதால் அறிவுக்கும் அந்த வேரிலிருந்தே பெயர் வாய்த்தது என்பர் மொழிநூலார். கட்டும் அறிவும் ஒரு வேரில் கிளைத்த இரு சொற்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைப்பதா, அவிழ்த்து விட்டபடியே ஒப்படைப்பதா என்று ஒருவர் கேட்டபோது, முதலில் கட்டும்படியும் பிறகு தவக்குல் வைக்கும்படியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி, அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாகத் திர்மிதீயில் இடம்பெற்றுள்ளது. மிம்பர் மேடைகளில் இந்த ஹதீஸைக் கேளாதவர் நம்மில் இலர். ஆயினும் எவ்வாறு கட்டுவது என்னும் கேள்வியை நாம் எழுப்புவதில்லை. பாலைவனத்து அரபிக்கு அது தெரியும். கட்டத் தெரிந்தவரிடம் கட்டு என்று சொன்னால் போதும். நம் பிள்ளைகள் ஏறி அமரும் வாகனங்களுக்கோ கட்டும் முறையே தனியொரு கல்வியாகிவிட்டது. அக்கல்வியின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

இதை எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை ஊர்களுள் ஒன்றில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், வளைகுடா நாட்டில் சில ஆண்டுகள் உழைத்துத் திரும்பி, ஒரு கார் வாங்கியிருந்தார். துஆச் செய்ய வேண்டுமென்று அதை என் வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தார். ஓட்டுநர் இருக்கையில் வழக்கமான சீட் பெல்ட்டுக்குப் பதிலாக, இரு தோள்களிலிருந்தும் இறங்கி இடுப்பில் ஒன்றுசேரும் அகலமான சிவப்பு வார்கள் இருந்தன.

“ஹஜ்ரத், இது பந்தயக் கார்களில் போடும் வார். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க ஒரு நாள் விடுகிறார்கள். அதற்காகப் போட்டேன். ஊருக்குள் ஓட்டும்போதும் இதுதானே பத்திரம்?” என்று கேட்டார்.

அன்று என்னிடம் விடை இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை எங்கள் ஊர்களின் ஊடே செல்கிறது. அச்சாலையில் மாண்ட இளைஞர்களுக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தியவன் நான். ஆகவே, ‘மாஷா அல்லாஹ்’ என்று சொல்லி அனுப்பிவிட மனம் துணியவில்லை. “இரண்டு வாரம் பொறுங்கள் தம்பி. படித்துவிட்டுச் சொல்கிறேன்” என்றேன். படித்ததை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

இரு தூரங்கள்

பந்தயம் நம் மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. நாயகம் (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். ஓட்டத்துக்கென உடல் இறுக்கிப் பழக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடுதூரம் வகுக்கப்பட்டது. அது ஐந்தாறு மைல் இருக்கும் என்பர். அவ்வாறு பழக்கப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஏறத்தாழ ஒரு மைல். இச்செய்தியை அறிவிக்கும் இப்னு உமர் (ரலி) அவர்கள் தாமும் அப்பந்தயத்தில் குதிரை ஓட்டியவர். பழகிய குதிரைக்கு உரிய தூரத்தைப் பழகாத குதிரையின் தலையில் சுமத்தலாகாது என்னும் நீதி அந்த ஏற்பாட்டிலேயே அடங்கியிருக்கிறது.

எங்கள் மாவட்டத்து மாட்டுவண்டிப் பந்தயங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பெரிய மாடு, சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று மாடுகளைப் பிரிவு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் போய்வர இத்தனை மைல் என்று விழாக்குழுவினர் வரையறுப்பர். களத்தில் இறங்குவது இலேசான பந்தய வண்டி. நெல்மூட்டை ஏற்றும் பாரவண்டியை அங்கே யாரும் கொண்டு வருவதில்லை. நுகத்தடியையும் பூட்டாங்கயிற்றையும் சாரதி தம் கையாலேயே இழுத்துப் பார்த்த பிறகே வண்டியில் ஏறுவார். ஓடும் மாடு, இழுக்கும் வண்டி, பூட்டும் கயிறு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும் என்பது அவர் எந்த ஏட்டிலும் படிக்காத பாடம்.

மரமும் இரும்பும்

ஊர்தியின்மீது மனிதன் நிலைத்து அமர்வதற்கான கருவிகள் யாவும் விபத்துகளிடம் பாடம் கேட்டே வளர்ந்தன. குதிரை வீரன் கால் ஊன்றும் அங்கவடி அதற்கு நல்ல சான்று. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில், அஸாரிகா எனப்பட்ட கவாரிஜ் கூட்டத்தாரோடு நெடும்போர் நடத்திய தளபதி அல்முஹல்லப் இப்னு அபீஸுஃப்ரா. அவர் காலம் வரை அரபு வீரர்களின் அங்கவடி மரத்தால் ஆனதாக இருந்தது. வீரன் வாளை ஓங்கி அதன்மீது பாரத்தை ஊன்றும் தருணத்தில் மரம் முறியும், வீரன் நிலைகுலைவான். இதைக் கண்ட முஹல்லப், அங்கவடியை இரும்பில் வார்க்கச் செய்தார் என்று அரபு இலக்கிய ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கின்றனர். மரத்தாலான அங்கவடியும் அங்கவடிதான். அமைதியாகச் சவாரி செய்யும்போது அதன் குறை தெரியாது. உயிர் ஊசலாடும் அந்த ஒரு கணத்தில்தான் அது கைவிட்டது. பாதுகாப்புக் கருவியின் தரம் அத்தகைய கணத்தில் அது என்ன செய்கிறது என்பதைக் கொண்டே மதிக்கப்படும்.

குதிரை என்றதும் எங்கள் மண்ணின் பழைய நினைவொன்று எழுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில்தான் பழைய திருப்பெருந்துறை. பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கப் பொற்காசுகளோடு வந்த அமைச்சர் மாணிக்கவாசகர், அப்பொருளை இறைபணியில் செலவிட்டார் என்பது சைவப் பெருமக்கள் போற்றும் வரலாறு. அக்கதைக்குள் ஒரு வணிக வரலாறும் உறைந்திருக்கிறது. பாண்டிய நாட்டின் படைக்குதிரைகள் கடல்கடந்து வந்தவை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோபோலோ, கிஷ், ஹுர்முஸ், ளுஃபார், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகள் வந்து இறங்கியதை எழுதியிருக்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் இவ்வாணிகத்தை விரித்துரைக்கிறார். அவ்வாணிகத்தில் நம் முன்னோரும் பங்குகொண்டனர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

ஆனால் போலோ குறிக்கும் இன்னொரு செய்தி நம்மைச் சிந்திக்க வைப்பது. பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகள் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலும் மடிந்தன. அவற்றைப் பேணவும் மருத்துவம் பார்க்கவும் அறிந்தவர் இங்கே இல்லை. அத்தகையோர் இங்கு வந்துவிடாதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்றும், குதிரைகள் செத்தால்தானே மறு ஆண்டும் விற்கலாம் என்று அவர்கள் எண்ணினார்கள் என்றும் அவர் கூறுகிறார். குதிரை வந்தது, குதிரையைப் பற்றிய இல்ம் வரவில்லை. பொருளை விலைக்குத் தருபவன் அதன் அறிவையும் சேர்த்துத் தருவான் என்று நம்பியிருந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் கடற்கரையே எழுநூறு ஆண்டுகளாகச் சாட்சி சொல்கிறது. என் மாணவர் வாங்கிவந்த சிவப்பு வாரின் கதையும் இதுவே. இனி அவ்வாரின் வரலாற்றுக்கு வருவோம்.

உயிர்கள் எழுதிய பாடம்

மோட்டார் பந்தயத்தின் முற்பகுதியில் ஓட்டுநர்கள் வாரை வெறுத்தார்கள். 1950களிலும் ஐரோப்பியப் பந்தய வீரர் பலரின் எண்ணம், கார் மோதினால் வெளியே தூக்கியெறியப்படுவதே மேல் என்பதுதான். தீப்பற்றிய காருக்குள் கட்டுண்டு கிடப்பதை அவர்கள் அதைவிட அஞ்சினார்கள்.

அதே காலத்தில் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப், மனித உடல் எவ்வளவு அதிர்ச்சியைத் தாங்கும் என்று தம் உடலைக் கொண்டே சோதித்தார். 1954 டிசம்பர் 10 அன்று, இராக்கெட் பொருத்திய சறுக்கு வண்டியில் மணிக்கு 632 மைல் வேகத்தில் சென்று, சுமார் 1.4 வினாடியில் நின்றார். தம் எடையைப் போல் 46 மடங்கு விசை அவர் உடலில் பாய்ந்தது. கண்களில் இரத்தம் கட்டியது. ஆயினும் பிழைத்தார். முறையாகக் கட்டப்பட்ட உடல், எவரும் எண்ணிப் பாராத அளவு தாங்கும் என்பதை உலகம் அறிந்தது.

1959இல் ஸ்வீடன் நாட்டு வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின், இன்று எல்லாக் கார்களிலும் காணப்படும் மூன்று முனை சீட் பெல்ட்டை வடிவமைத்தார். ஒரு வார் தோளிலிருந்து மார்பின் குறுக்காகவும், மற்றொன்று இடுப்பெலும்பின்மீதும் சென்று, ஒரே பூட்டில் முடியும். முன்னர் விமானங்களின் உந்து இருக்கைகளை அமைத்தவர் அவர். அவ்வடிவத்தின் உரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வால்வோ விட்டுக்கொடுத்தது. வாணிப உலகில் அரிதாக நிகழும் இதனைத் தர்மங்களுள் ஒன்றாகவே எண்ணத் தோன்றுகிறது.

பந்தயக் களம் வேறு பாதையில் கற்றது. 1966இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் மழையில் விபத்துக்குள்ளான ஜாக்கி ஸ்டூவர்ட், பெட்ரோலில் நனைந்தபடி நெடுநேரம் காருக்குள் சிக்கிக் கிடந்தார். பார்வையாளர் ஒருவரின் கருவிப்பெட்டியிலிருந்து திருகுசாவி இரவல் பெற்றே அவரை வெளியே எடுக்க முடிந்தது. அன்றுமுதல் அவர் பந்தயப் பாதுகாப்புக்காகக் குரல் கொடுத்தார், கேலியும் வாங்கினார்.

நான்காண்டுகள் சென்றன. 1970 செப்டம்பர் 5. இத்தாலியின் மொன்ஸா தடம். அவ்வாண்டின் உலகச் சாம்பியன் பட்டத்தை நெருங்கியிருந்த யோகன் ரிண்ட் பயிற்சி ஓட்டத்தில் தடுப்பில் மோதினார். அவர் வார் அணிந்திருந்தார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தோள்வாரும் இடுப்புவாரும் பூட்டப்பட்டிருந்தன. தொடைகளுக்கிடையே வரும் அடிவாரை மட்டும் அவர் பூட்டவில்லை. தீப்பிடித்தால் விரைந்து வெளியேறலாம் என்பது அவர் கணக்கு. மோதலின்போது உடல் கீழ்நோக்கி வழுக்கிச் சென்றது. காக்க வேண்டிய வார் கழுத்தை அறுத்தது. மறைந்த பிறகு சாம்பியன் பட்டம் பெற்ற ஒரே ஃபார்முலா ஒன் வீரராக அவர் பெயர் நிற்கிறது. 1972 முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஆறு முனை வார் கட்டாயமாயிற்று.

அதோடும் பாடம் முடியவில்லை. உடல் இறுகக் கட்டப்பட்டபின், கட்டப்படாத தலை மட்டும் முன்னால் பாய்ந்தது. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து வீரர்கள் மாண்டனர். அமெரிக்கப் பேராசிரியர் இராபர்ட் ஹப்பர்டும் அவருடைய உறவினரான பந்தய வீரர் ஜிம் டௌனிங்கும் 1980களில் இதற்கென ஒரு கழுத்துக் காப்பை உருவாக்கினர். ‘ஹான்ஸ்’ எனப்படும் அதனைப் பலர் பொருட்படுத்தவில்லை. 2001 பிப்ரவரி 18 அன்று டேல் எர்ன்ஹார்ட் என்னும் புகழ்பெற்ற வீரர் டேடோனாவில் அவ்வகைக் காயத்தாலேயே இறந்தார். அவ்வாண்டிலேயே அவர் ஓடிய பந்தயத் தொடரில் தலைக்காப்புக் கட்டாயமாயிற்று. 2003இல் ஃபார்முலா ஒன்னிலும் வந்தது.

அரைக்கட்டின் ஆபத்து

இவ்வரலாற்றை மனத்தில் கொண்டு என் மாணவரின் காரை மீண்டும் பார்ப்போம். அதிலிருந்தது நான்கு முனை வார். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு. அடிவார் இல்லை. வீட்டுக்கார் இருக்கையில் அதை நுழைக்கத் துளையும் இல்லை. தோள்வார்களை இறுக்க இறுக்க, இடுப்புவார் எலும்பைவிட்டு மேலேறி வயிற்றின் மென்பகுதிக்கு வந்துவிடுகிறது. மோதல் நேர்ந்தால் உடல் அதற்கடியில் வழுக்கும். வார் குடலையும் ஈரலையும் நசுக்கும். ரிண்டின் உயிரைக் குடித்த அதே குறை. ஒரு தோள்வாரை மட்டும் மோதலின்போது அளவோடு நீளவிட்டு இதைத் தவிர்க்கும் நான்கு முனை வார்களை ஜெர்மானிய நிறுவனமொன்று குறிப்பிட்ட சில கார்களுக்கெனச் செய்கிறது. கண்ணில்பட்ட நான்கு முனை வாரெல்லாம் அத்தகையது ஆகிவிடாது.

இரண்டாவது, தோள்வார்கள் இருக்கையின் முதுகைத் தாண்டிச் செங்குத்தாக இறங்கி, பின்னிருக்கையின் அடியிலுள்ள தரையில் முடுக்கப்பட்டிருந்தன. அவை தோள்மட்டத்திலோ சற்றே தாழ்வாகவோ பின்னோக்கிச் சென்று உறுதியான குறுக்குக் கம்பியில் முடிய வேண்டும். தரைக்கு இறங்கினால், உடல் முன்னே பாயும்போது வார் தோளைக் கீழே அழுத்தி முதுகெலும்பை நொறுக்கும்.

மூன்றாவது, கூரை. பந்தயக் காருக்குள் ‘ரோல் கேஜ்’ என்னும் இரும்புக் கூண்டு உண்டு. கார் உருண்டாலும் கூரை நசுங்காது. வீட்டுக்காரில் அக்கூண்டு இல்லை. சாதாரண சீட் பெல்ட் அணிந்தவர் உடல் சற்றுச் சாய்ந்து ஒதுங்க இடமுண்டு. பந்தயவார் நிமிர்த்திக் கட்டிவைத்த உடலுக்கோ, நசுங்கும் கூரையிலிருந்து ஒதுங்க வழியில்லை. கூண்டைப் பொருத்தினாலும் அது பந்தயத் தடத்துக்கே ஏற்றது. தலைக்கவசம் இன்றி ஊரில் ஓட்டினால், சிறு மோதலிலும் அந்த இரும்பில் தலை இடிக்கும்.

வார்த்துணிக்கும் ஆயுள் உண்டு. சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் ஒப்புதல் பெற்ற பந்தயவார்களில் காலாவதி ஆண்டு பொறித்த சீட்டு தைக்கப்பட்டிருக்கும். வெயிலும் வியர்வையும் இழைகளை நைந்துபோகச் செய்யும். மோதலில் ஒருமுறை இழுபட்ட வார் மறுமுறைக்கு உதவாது. ஆக, இருக்கை, அடிவார், குறுக்குக் கம்பி, கூண்டு, கழுத்துக்காப்பு, தலைக்கவசம் ஆகிய அனைத்தும் ஒரே கட்டின் உறுப்புகள். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விடுவது, உளூவில் முகத்தைக் கழுவிக் கையை விட்டதற்கு ஒப்பாகும்.

தடமும் தெருவும்

தமிழகத்துக்கு மோட்டார் பந்தயம் புதிதன்று. 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் விளையாட்டுச் சங்கம், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. அது ஓய்ந்தபின், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் நிரந்தரத் தடம் அமைந்தது. அங்கே எதிரே வண்டி வராது, ஆடுமாடு குறுக்கிடாது, மருத்துவரும் தீயணைப்போரும் அருகிருப்பர். அத்தகைய தடத்திலும் 2023 ஜனவரி 8 அன்று நெடுநாள் அனுபவம் வாய்ந்த வீரர் ஒருவர் பந்தயத்தின்போது உயிரிழந்தார். கட்டுவது நம் கடமை. முடிவு இறைவன் கையில். தவக்குலின் இரண்டாம் பாதி அது.

தெருவின் நிலை வேறு. குறுக்குச் சந்திலிருந்து சைக்கிளில் ஒரு சிறுவன் வருவான். ஓட்டுபவர் குனிந்து, திரும்பி, எட்டிப் பார்த்தாக வேண்டும். பந்தயவார் அதற்கு இடம் தராது. சாதாரண சீட் பெல்ட்டின் சுருள்பெட்டியோ, மெதுவாக அசையும்போது நெகிழ்ந்து கொடுத்து, திடீரென இழுபட்டால் பூட்டிக்கொள்ளும். காற்றுப்பையும் அந்த பெல்ட்டோடு சேர்ந்து இயங்கவே கணக்கிட்டு வைக்கப்பட்டது. அதைக் கழற்றிவிட்டுப் பந்தயவாரைப் பூட்டுபவர் தெருவில் பாதுகாப்பைக் குறைத்துக்கொள்கிறார். தெருவில் செல்லும் காருக்குச் சட்டம் கேட்பதும், அதற்கென வகுத்த தரம் வாய்ந்த சீட் பெல்ட்டையே. அதை அணியாதவருக்கு, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது.

அபராதத்தைவிடக் கனமானது கணக்கு. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர் என மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 16,715 பேர் சீட் பெல்ட் அணியாதவர்கள். அவர்களிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் ஓட்டுநர்கள் அல்லர், உடன் பயணித்தவர்கள். அவ்வாண்டு செப்டம்பர் 4 அன்று பெருந்தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விலையுயர்ந்த காரின் பின்னிருக்கையில் இறந்தார். அவர் அருகில் சீட் பெல்ட் இருந்தது, அணியப்படவில்லை. நம் வீடுகளில் பின்னிருக்கையில் அமர்வோர் யார்? தாய்மார்களும் பெண்மக்களும் குழந்தைகளும்தாம். முன்னிருக்கையில் அலங்காரமாகச் சிவப்பு வார் தொங்க, பின்னிருக்கையில் பூட்டுகள் உறைக்கடியில் புதைந்து கிடந்தால், அந்தக் காரில் கட்டும் இல்லை, அறிவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து மாணவர் வந்தபோது இவற்றையெல்லாம் எடுத்துரைத்தேன். வாரை இழுத்து வயிற்றில் அது ஏறும் இடத்தைத் தொட்டுக் காட்டினேன். சற்று நேரம் பேசாதிருந்தார். “விற்றவர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை ஹஜ்ரத்” என்றார். பாண்டியனுக்குக் குதிரை விற்றவர்களின் கதையை அப்போதுதான் சொன்னேன்.

அடுத்த ஜும்ஆவுக்கு அவர் தம் உம்மாவை அழைத்து வந்தார். சிவப்பு வார் காரில் இல்லை. அசல் சீட் பெல்ட் மீண்டிருந்தது. இருங்காட்டுக்கோட்டைக்குப் போவதாகவே இருந்தார். காரோடு வந்த பெல்ட்டும் தலைக்கவசமும் அணிந்து, அந்தக் காருக்குத் தக்க வேகத்தில் ஓட்டுவதாகச் சொன்னார். பழகாத குதிரைக்கு ஒரு மைல் போதும் என்பதை அவர் புரிந்துகொண்டார். தொழுகை முடிந்து புறப்படும்போது பின்னிருக்கையில் அமர்ந்த அந்த அம்மையார், மகன் சொல்வதற்கு முன்பே பெல்ட்டை இழுத்து, பிஸ்மில்லாஹ் என்று பூட்டிக்கொண்டார்.

அல்லாஹ் நம் மக்களுக்குக் கட்டும் அறிவைத் தந்து, கட்டிய பின் அவன்மீதே பொறுப்புச் சாட்டும் உள்ளத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.